ஐந்தரை மணி மெயில்

"எல்சா கண்ணு, நான் கெளம்பறேன். மழை புடிக்கறதுக்குள்ள பஸ் ஏறோணும்."

பங்கஜம் குடையை எடுத்துக்கொண்டாள். மணி நாலு.

"சரிங்கக்கா" என்றாள் எல்சா, தலையை நிமிர்த்தாமல்.

குன்னூரில் அந்தத் தேயிலைக் கம்பெனி அலுவலகம் எல்லோருக்கும் ஐந்தரை வரை. பங்கஜத்துக்கு மட்டும் நாலு மணி வரை. யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

போன வாரம் எல்சாவின் அக்கா ஸ்டெபிக்கு நிச்சயதார்த்தம். நாலு மணிக்குப் போகட்டுமா என்று கேட்டதற்கு, மேனேஜர் ஹெர்பர்ட் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "உன் வேலையை யார் முடிப்பா?"

அவள் சர்ச்சுக்குப் போய்ச் சேர்ந்தபோது மோதிரம் மாற்றி முடிந்திருந்தது. பிரியாணியும் ஆறிப்போயிருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. விளக்கைப் போட்டும் அறை வெளுக்கவில்லை. எல்சா மவுசைப் பிடித்து, ஒவ்வொரு எண்ணாக இழுத்து இழுத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு கடுத்தது.

சரியாக ஐந்தரைக்கு அவள் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது.

கோயம்புத்தூர் ஹெட் ஆபீசுக்குப் போகும் தினசரி ரிப்போர்ட். நகல் அவளுக்கும் தினமும் வரும்; யார் அனுப்புவது என்று இன்றுதான் பார்த்தாள். அனுப்பியவர், பங்கஜம்.

எல்சா திரும்பிப் பார்த்தாள். நாற்காலி காலி. மானிட்டர் இருண்டு கிடந்தது. மேசைக்கடியில் சிபியூ மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

அப்படியா சங்கதி! மெயிலை எழுதி, ஐந்தரைக்குத் தானாகவே போகிற மாதிரி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அந்த மெயில் வரும் நேரத்தை வைத்துத்தான் பங்கஜம் சீட்டில் இருக்கிறாளா என்று ஹெட் ஆபீஸ் பார்க்கும். தினமும் இதே கூத்தா?

எல்சாவின் விரல்கள் படபடவென்று ஓடின. 'பங்கஜம் தினமும் நாலு மணிக்கே வீட்டுக்குப் போகிறார். ஐந்தரை மணி மெயில் ஏமாற்று வேலை.' ஹெட் ஆபீஸ் முகவரியைப் போட்டாள். அனுப்பினாள்.

அதோடு விடவில்லை. நேராக ஹெர்பர்ட் அறைக்குப் போனாள்.

ஹெர்பர்ட்டுக்கு ஆபீசில் 'கன்ட்ரோல் சார்' என்று பெயர். திங்கட்கிழமை தோறும் எல்லோரையும் உட்கார வைத்து கம்ப்யூட்டர் டிப்ஸ் சொல்வார். மவுசைத் தேடாதீங்க, கன்ட்ரோல் அமுக்கி இதைச் செய்யுங்க, கன்ட்ரோல் அமுக்கி அதைச் செய்யுங்க. தினமும் ஒரே லெட்டரைப் புதுசா அடிக்காதீங்க, ஒரு தடவை அடிச்சு வச்சுக்கங்க. கேட்பவர்கள் கொட்டாவியைக் கன்ட்ரோல் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"சார், பங்கஜம் அக்கா நாலு மணிக்கே போயிடறாங்க. மெயில் மட்டும் அஞ்சரைக்கு வருது."

ஹெர்பர்ட் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டார்.

"தெரியும்மா. அப்படி வைக்கச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."

"சார்!"

"அந்தம்மா வீட்டுக்காரர் பக்கவாதத்துல படுத்த படுக்கையா கிடக்கறார். சாயங்காலம் புரட்டிப் படுக்க வைக்கக்கூட வேற ஆளில்லை. இந்த மஞ்சூர் பஸ்ஸை விட்டா அடுத்தது ராத்திரிதான்."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் சார் அன்னிக்கு..."

"அன்னிக்கு நாலு மணிக்கு உன் வேலை பாதியில நின்னுது. அந்தம்மா மூணரைக்கே அத்தனையும் முடிச்சிடும். திங்கக்கிழமை நான் கத்தறதைக் காது குடுத்துக் கேட்டது அது ஒண்ணுதான்." அவர் குரல் இறங்கியது. "டிப்ஸ் டிப்ஸ்னு கம்பெனிக்கு நேரம் மிச்சம் பண்ணவா சொல்றேன்? நேரத்தோட வீடு போய்ச் சேருங்கன்னுதானே சொல்றேன்."

எல்சா கதவு வழியாகத் தன் கம்ப்யூட்டர் இருந்த பக்கம் பார்த்தாள்.

"ஹெட் ஆபீசுல கெஞ்சிப் பார்த்துட்டேன். முடியவே முடியாதுன்னுட்டாங்க. தெரிஞ்சா எங்க ரெண்டு பேருக்கும் வேலை போயிடும். நான் எப்படியும் ரிட்டயர் ஆகப் போறவன். அந்தம்மா சம்பளத்துலதான் அங்க மருந்தும் சோறும்."

"சார்..." என்றாள் எல்சா. "நான் அனுப்பிட்டேனுங்க சார்."

"என்னத்தை?"

"ஹெட் ஆபீசுக்கு... இப்பத்தான்... அக்காவைப் பத்தி."

தகரக் கூரைமேல் மழை கொட்டியது. ஹெர்பர்ட் சட்டென்று எழுந்தார்.

"அவுட்பாக்ஸைப் பாரு! ஓடு!"

"எதுக்குங்க சார்?"

"அனுப்பின மெயில் பத்து நிமிஷம் அவுட்பாக்ஸ்லயே நிக்கற மாதிரி வச்சுக்கங்கன்னு போன மாசம் டிப்ஸ் சொன்னேனே!"

"நான் வைக்கலைங்க சார். அன்னிக்கு நான் மேசைக்குக் கீழ போன் பார்த்துட்டிருந்தேன்."

"போய்ப் பாரும்மா மொதல்ல!"

ஓடினாள். அவுட்பாக்ஸைத் திறந்தாள்.

மெயில் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

அழித்தாள். அழித்ததைத் தேடிப் போய் அங்கேயும் அழித்தாள். அப்புறம்தான் மூச்சு வந்தது.

பின்னால் ஹெர்பர்ட் வந்து நின்றார்.

"நான் வைக்கவே இல்லையே சார். எப்படி நின்னுது?"

"அன்னிக்கே நீ சாப்பிடப் போனப்ப பங்கஜம்தான் உன் சிஸ்டத்துல வச்சுட்டுப் போச்சு. எதுக்கும்மான்னு கேட்டேன். 'சின்னப் பொண்ணுங்க சார், பொசுக்குனு கோவம் வந்துருது. யாரைப் பத்தியாச்சும் எதையாச்சும் எழுதி அனுப்பிட்டு, அப்பறம் உக்காந்து அழுதுட்டிருக்கும், பாவம்'னுச்சு."