விரல் நுனிக்கும் தரைக்கும் நடுவே

அவருடைய நடுவிரல் தரையைத் தொட்டது.

கதவுக் கண்ணாடியை உள்ளிருந்து காகிதம் ஒட்டி மறைத்திருந்தார்கள். கீழ் மூலையில் மட்டும் ஓர் அங்குலம் பெயர்ந்திருந்தது. அதன் வழியாகத்தான் என் கணவரின் கையைப் பார்த்தேன்.

இந்தச் சோதனை மிக எளிது. வெறுங்காலில் நின்று, முழங்காலை மடக்காமல் குனிய வேண்டும். விரல் நுனிக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று டேப் வைத்து அளப்பார்கள். பன்னிரண்டு வாரங்களுக்கு முன், முதல் நாள், அவருக்கு முப்பத்து நான்கு சென்டிமீட்டர் என்று அவரே வந்து சொன்னார்.

இன்று டேப்புக்கு வேலையே இல்லை.

நாள்பட்ட இடுப்பு வலிக்கு யோகா உண்மையிலேயே உதவுகிறதா என்று பார்க்கும் ஆய்வு இது. சீட்டுக் குலுக்கி, பாதிப் பேருக்கு யோகா வகுப்பு. மீதிப் பேருக்கு வலியைச் சமாளிக்கும் வழிகள் அச்சிட்ட சிறு புத்தகம். அவருக்கு யோகா விழுந்தது. யாருக்கு எது என்பதை அளப்பவரிடம் மட்டும் சொல்ல மாட்டார்கள். தெரிந்துவிட்டால், டேப் பிடிக்கும் கை தன்னையறியாமல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். வீட்டு மனிதர்களும் வெளியேதான் இருக்க வேண்டும். உள்ளே அளந்து எழுதும் கணக்கை வீட்டாரிடம் அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது. நான் முத்திரை ஆய்வாளர். கடைத் தராசுகளில் எடைக்கல்லை வைத்துச் சோதிப்பது என் வேலை.

கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். உள்ளே ஒரு கடிதம். வேறு ஊரில் தலைமை ஆய்வாளர் பதவி. பதினெட்டு வருடம் காத்திருந்து, ஏழு வாரங்களுக்கு முன் உத்தரவு வந்தது. ‘கணவரின் உடல்நிலை காரணமாக ஏற்க இயலவில்லை’ என்று நேற்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். இன்று ஐந்து மணிக்குள் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

இனிமேல் எதற்குக் கொடுக்க? அந்த விரலைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் உள்ளே அளக்கும் பெண்ணின் குரல் கேட்டது.

“சூப்பர் சார். ஆறாவது வாரத்துலயும் இதே மாதிரிதான் தரையத் தொட்டீங்க.”

ஆறாவது வாரம்.

அந்த வாரம் அவரை என் தோளில் சாய்த்துக்கொண்டு இங்கே வந்தேன். படி ஏறும்போது மூன்று இடத்தில் நின்றோம். ஒவ்வொரு முறையும் ‘ஐயோம்மா’ என்றார்.

அதற்கு முன் நன்றாகத்தான் இருந்தார். நான்காவது வாரம் தானே சாக்ஸ் மாட்டிக்கொண்டார். “அந்த மாஸ்டரு என்னை ரப்பர்னு நெனச்சு வளைக்கிறாரு” என்று சிரித்துக்கொண்டே மளிகைப் பையைத் தூக்கி வந்தார். பிறகு ஒரு நாள் காலையில் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. அன்றிலிருந்து அவருக்கு ஷூ மாட்டி விடுவது நான்தான். இன்று காலையும் மாட்டி, அவிழாதபடி நாடாவை இரண்டு முடிச்சுப் போட்டேன்.

கதவு திறந்தது. வெளியே வரும்போதே அவர் கை இடுப்புக்குப் போய்விட்டது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தராசு தப்பாகக் காட்டினால், உடனே குற்றம் எழுத மாட்டோம். மூன்று முறை வைத்துப் பார்ப்போம். அவசரத்தில் நம் கையும் தவறலாம்.

எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“எங்கம்மா கொறையுது… அப்படியேதான் இருக்கு. யோகாவாம் கீகாவாம்.”

கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, தவறியதுபோலக் கீழே விட்டேன். அது அவர் காலடியில் உருண்டு நின்றது. எடுங்கள், எடுத்துவிடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

“பேனா விழுந்துடுச்சு பாரும்மா” என்றார்.

நானே குனிந்து எடுத்தேன்.

பெஞ்சுக்கு அடியிலிருந்து ஷூவை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் மெல்ல உட்கார்ந்து, தினமும் செய்வதுபோல வலது காலை என் பக்கம் நீட்டினார்.

“லெட்டரக் குடுத்துட்டு அப்படியே வீட்டுக்குப் போயிடலாம்மா. கொஞ்சம் படுக்கணும்.”

கடிதத்தை அவர் மறக்கவில்லை.

பழுதான தராசு ஒரு நேரம் கூடுதலாகக் காட்டும், ஒரு நேரம் குறைத்துக் காட்டும். வேண்டுமென்றே கை வைத்த தராசு அப்படியல்ல. அது எத்தனை முறை தப்பினாலும் ஒரே பக்கம்தான் தப்பும்.

அவர் கட்டிலைவிட்டு எழ முடியாமல் போன காலையை நினைத்துப் பார்த்தேன். அதற்கு முந்தின ராத்திரிதான், சாப்பிடும்போது, உத்தரவை அவருக்கு வாசித்துக் காட்டினேன். போகாதே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ‘உன் இஷ்டம்மா’ என்றார். சொல்லிவிட்டு எழுந்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடிப் போய்த் தாங்கினேன்.

போகாதே என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

நீட்டிய கால் நீட்டியபடியே இருந்தது.

சுவரில் மணி மூன்றரை. இன்னொரு கடிதம் எழுத அது போதும்.

“மாட்டிக்கிட்டு வாங்க. நான் ஆபீஸுக்குப் போறேன்.”

“ஏம்மா, நான் எப்படி…”

நடைவழி நீளமானது. அதன் கோடியில் ஆளுயரக் கண்ணாடிக் கதவு. பின்னால் பெஞ்சில் இருப்பவர் அதில் முழுதாகத் தெரிவார். குனிகிறாரா, நாடாவைத் தொடுகிறாரா, எல்லாம் தெரியும்.

நான் தலை நிமிராமல் கதவைத் தள்ளினேன்.

மூன்று முறைக்கு மேல் வைத்துப் பார்க்கிற வழக்கம் எங்கள் வேலையில் இல்லை.