ஏழு மணி டாக்டர்

"வந்துட்டான் பாருக்கா! காலையில மணி ஏழாச்சுன்னா போதும், மூக்குல வேர்த்துடும் அவனுக்கு!"

கரிக்கடை முசோகே சொன்னதும் தையல் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன். கலேமாதான். மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷம். எங்களுக்கெல்லாம் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரம்மா நாகித்தோவின் கதவைத் தட்டிக்கொண்டு நின்றான்.

எங்கள் கம்பாலா நகரத்தில் வெள்ளைக் கோட்டு மாட்டினால் போதும், அன்றைக்கே டாக்டர்.

"ரெண்டு மாசமா ஒருநாள் தப்பலை. வாழைக்காய், குடல்கறி, டீ, எல்லாம் ஓசி! அதுவும் புருஷன் இல்லாத பொம்பளை வீட்ல!"

எனக்குச் சுருக்கென்றது. "கேக்க ஆளில்லைன்னு நினைச்சானா? நான் கேக்கறேன்" என்று கிளம்பினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஊருக்கே தெரியும்.

கதவருகே போனதும் உள்ளே கலேமாவின் குரல்.

"வாயைத் திறங்கம்மா."

"முழுங்கிட்டேன்டா!"

"நாக்கைத் தூக்குங்க."

திறந்திருந்த கதவு வழியே எட்டிப் பார்த்தேன். நாகித்தோ நாக்கைத் தூக்கினாள். அடியில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது மாத்திரை.

"நேத்தும் இப்படித்தான், வாழை மரத்தடியில போய்த் துப்பினீங்க. பிரஷர் உங்களுக்கா, மரத்துக்கா?"

"சரி, முழுங்கறேன். முதல்ல நீ சாப்பிடு. வந்தவன் வெறும் வயித்தோட நின்னா எனக்கு எதுவும் இறங்காது."

"இன்னிக்குப் பரீட்சைம்மா..."

"அப்போ மாத்திரையும் வேணாம்."

கலேமா தட்டை இழுத்து, சூடு பொறுக்காமல் கண்ணில் தண்ணீர் வர அள்ளிப் போட்டுக்கொண்டான். அவள் மாத்திரையை முழுங்கினாள்.

"என்னப்பா கூத்து இது?" என்று உள்ளே நுழைந்தேன்.

நாகித்தோவுக்குச் சிரிப்பு. "கோட்டு வாங்கின அன்னிக்கு இவன்கிட்ட, மாத்திரை போட்டா தலை சுத்துதுடான்னேன். 'அப்போ நிறுத்திடுங்க'ன்னான். நிறுத்திட்டேன். நாலாம் நாள் சந்தையில மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரியில பொழைச்சதே பெரிசுன்னாங்க. வேற மாத்திரை மாத்திக் குடுத்தாங்க. இவனும் வந்து போடுங்க, போடுங்கங்கறான். முதல் வருஷப் பயல், உனக்கென்னடா தெரியும்னேன்!"

"நிறுத்தச் சொன்னப்போ மட்டும் பெரிய டாக்டரா இருந்தானாக்கும்?"

"அப்போ எனக்குப் பிடிச்ச மாதிரி சொன்னான்ல!"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. திட்ட வந்த வாயால், "பரீட்சை அன்னிக்காவது விடக்கூடாதாடா? இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று கேட்டேன்.

கலேமா தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினான்.

"தெரியலைக்கா. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். அதைத் திரும்ப வாங்க எத்தனை நாளாகும்னு எங்க புத்தகத்துல போடலையே."