காக்காவுக்குக் குடுத்துடுவேன்

மூன்றாம் மாடி ஜன்னல் கம்பியில் தினமும் ஒரு தாய்க் காகம் வந்து உட்காரும். உள்ளே ஒன்றரை வயது தாரிகாவுக்கு அவள் அம்மா உள்ளங்கை அளவில் நெய் தோசை சுடுவாள். குழந்தை தலையை ஆட்டிவிடும். அவசரமாக வாழைப்பழம் மசித்து ஊட்டுவாள். குழந்தை துப்பிவிடும்.

"சாப்பிடலேன்னா காக்காவுக்குக் குடுத்துடுவேன்!"

காகமும் நம்பிக் காத்திருக்கும். ஒரு விள்ளல்கூட வந்ததில்லை.

அன்று சர்க்கரைவள்ளிக் கிழங்கும் தரைக்குப் போனது. அம்மா பொறுமை இழந்து கத்தினாள்: "இப்போ சாப்பிடலே, உன்னையே காக்காவுக்குக் குடுத்துடுவேன்!"

காகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயையோ! வீட்டுல ஒண்ணே வாயைத் திறக்காம உயிரை வாங்குது. இன்னொண்ணா?"

அலறிக்கொண்டு கூட்டுக்குப் பறந்தது. அங்கே அதன் குஞ்சு, காலையில் வைத்த புழுவைத் தொடாமல் அலகை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தது. காகத்துக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"இதைத் தின்னலேன்னா உன்னை அந்த மூணாம் மாடி அம்மாகிட்டக் குடுத்துடுவேன்!"

குஞ்சு துள்ளி எழுந்தது.

"தினமும் சொல்வியே, அந்த நெய் தோசை அம்மாவா? எப்போம்மா கூட்டிட்டுப் போவே?"

அன்று அந்தக் கூட்டில் மூடாமல் பிளந்தே கிடந்தது, தாயின் வாய்தான்.