பருப்பு டப்பாவில் இரண்டு பேட்டரி

அமாவாசை தவறாமல் நட்சத்திரங்களைப் படமெடுக்க மலையேறும் கணவன் புகழேந்தியின் மேல் தாரிணிக்குச் சந்தேகம் விழுந்துவிட்டது. இந்த முறை அவன் குளிக்கப் போன சமயம் பார்த்து, கேமராவில் இருந்த பேட்டரியையும் பையில் இருந்த மாற்று பேட்டரியையும் எடுத்துத் துவரம்பருப்பு டப்பாவுக்குள் புதைத்தாள். முக்காலி, சிவப்பு டார்ச், லென்ஸில் பனி படியாமல் சுற்றுகிற பட்டை எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தவன், பேட்டரியைப் பார்க்காமலே கிளம்பிப் போனான்.

காலையில் திரும்பியவன் முகத்தில் அப்படியொரு களை. "வானம் துடைச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. அள்ளிட்டு வந்திருக்கேன்."

"தனியாத்தானே போனீங்க?"

"பின்னே? நட்சத்திரம் பாக்கத் துணைக்கு ஆளா வேணும்?" என்றபடி கேமராவின் அடிமூடியைத் திறந்து பேட்டரியை உருவி நீட்டினான். "இதச் சார்ஜ்ல போட்டுடு."

வாங்கிப் பார்த்தாள். சேர்ந்து போகிறவர்கள் பொருள் மாறிவிடாமல் இருக்க அடையாளம் வைப்பார்களே, அப்படி அதன் மூலையில் நெயில் பாலிஷால் ஒரு மெரூன் பொட்டு.

தாரிணி அதைச் சார்ஜரில் செருகினாள். பிறகு பருப்பு டப்பாவைக் கொண்டுவந்து அவன் முன்னால் திறந்து வைத்தாள்.

"சாம்பார் வைக்கணும். ரெண்டு கை அள்ளிக் குடுங்க."