பாதி எண்

மீட்டர் எண்பத்துநாலு என்று காட்டியது.

அவள் நாற்பத்திரண்டு என்று எழுதினாள்.

பேனா தயங்கவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

மேசைமேல் நீளமான மரத்தட்டுகள். ஒவ்வொன்றிலும் பூமியைத் துளைத்து உருவியெடுத்த கல் உருளைகள், வரிசையாக. உள்ளங்கை அளவு மீட்டரைக் கல்லின்மேல் வைத்தால், அதில் எவ்வளவு காந்தத்தன்மை என்று எண்ணாகச் சொல்லிவிடும். எண் ஏற ஏற, அடியில் இரும்புத்தாது அதிகம். அறுபதைத் தாண்டினால் அந்த இடத்தில் சுரங்கக் குழி.

இந்த ஏழாம் துளை போட்டது அவள் தெருமுனையில்.

தெருவில் பதினாறு வீடு. நாலாவது அவளுடையது.

முதல் குழிக்காக ஏற்கெனவே ஒருமுறை அவர்களைக் கிளப்பிவிட்டார்கள். இரண்டு கோடை தகரக் கொட்டகையில். மாமனார் அங்கேயே கண்ணை மூடினார். மறுபடியும் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு அலைய அவளுக்குத் தெம்பில்லை.

கண்டபடி குறைத்தால் மாட்டிக்கொள்வோம். எல்லாவற்றையும் ஒரே சீராகப் பாதியாக்கினால் ஏற்ற இறக்கம் அச்சு அசலாக இருக்கும். யாருக்குச் சந்தேகம் வரும்?

பார்ப்பது, பாதியாக்குவது, எழுதுவது. நாலாம் தட்டுக்கு வரும்போது கை தானாகவே ஓடியது.

மதியத்துக்குள் இருநூறு கல்லும் முடிந்தன.

பாறை ஆய்வாளன் வந்து தாளை வாங்கினான். அவளைவிடப் பத்து வயது இளையவன். "என்னக்கா, ஏழாம் துளை இப்படிச் சவசவன்னு இருக்கு?"

"தோண்டின இடமெல்லாம் புதையல் கிடைக்க, பூமி என்ன உங்க மாமனார் வீடா தம்பி?"

சிரித்தான். சிரித்துக்கொண்டே தாளில் இறங்கிய விரல் ஓரிடத்தில் நின்றது.

இருபது கல்லுக்கு ஒருமுறை ஒப்புக்கல்லை அளக்க வேண்டும். எண் தெரிந்த கல். மீட்டர் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கத்தான். அதன்மேல் வெள்ளைப் பெயிண்டில் நாற்பது என்று எழுதியிருக்கும். பதினோரு வருஷமாக அது நாற்பதைத்தான் காட்டுகிறது.

தாளில் இருபது. பத்து இடத்திலும் இருபது.

கை ஓடிய ஓட்டத்தில் ஒப்புக்கல்லையும் பாதியாக்கியிருக்கிறாள்.

அவன் மீட்டரை எடுத்து ஒப்புக்கல்லின்மேல் வைத்தான்.

நாற்பது.

அவன் பார்த்தான். அவன் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "மீட்டர் பாதிதான் காட்டியிருக்குக்கா. எல்லாத்தையும் ரெண்டால பெருக்கி எழுதிடுங்க. அடுத்த வாரம் மேலிடத்துலேருந்து மறுபடி அளக்க ஆள் வருது. மாட்டினா வேலை போறதோட நிக்காது."

புதுத் தாளை நகர்த்தினான். பேனாவையும் அவனே திறந்து கொடுத்தான்.

முதல் வரியில் எண்பத்துநாலு என்று எழுதினாள். இப்போது பேனா தயங்கித் தயங்கி நகர்ந்தது.

அவன் போகவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டுச் சாவியை விரலில் சுற்றியபடி, அவள் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தான்.

போன மாதம்தான் அவன் புதுச் சுண்ணாம்பு அடித்த, அவள் தெருவின் ஐந்தாவது வீட்டுச் சாவி.