தேறாத ரத்தம்

பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஓட்டு வீட்டுக்குள் மதிய வெயில் சரிந்து விழுகிறது. பெருநாளுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருக்கிறார் அப்துல் முத்தலிப். சட்டைக்குள் பாதி ஆள்தான் இருக்கிறார். ஈரல் புற்றுக்குப் புது மருந்து ஒன்றைப் பரிசோதிக்கிறார்கள், சேர்ந்து பாருங்கள் என்று டாக்டர் சொன்ன நாள்முதல், "எலிக்குக் குடுத்தானுங்களாம், பொழச்சிக்கிச்சாம். நான் இன்னா எலியா?" என்று கேட்டே மனைவி ரசூல் பீவியை அழவைத்தவர். இன்று சேர்க்கக்கூடும் என்றதும், யாரும் சொல்லாமலே தாடியைத் திருத்திக்கொண்டு, குளித்து, தொழுதுவிட்டுக் காத்திருக்கிறார். ரசூல் பீவியின் காதில் போன் சுடுகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து மகள் மஹ்ஜபீன் பேசுகிறாள். "ம்மா, டெஸ்ட்ல அத்தா ரத்தம் தேறலயாம். அந்த மருந்துக்கு அவரச் சேத்துக்க மாட்டாங்களாம்." வெளியே பெங்களூர் பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போகிறது. ரசூல் பீவி வாயைத் திறப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிடுகிறது. "நான்தான் அன்னிக்கே சொன்னேன்ல, எல்லாம் டுபாக்கூர் வேலைன்னு," என்று சிரிக்கிறார். சட்டையைக் கழற்றப் போன விரல்கள் மேல் பொத்தானிலேயே நின்றுவிடுகின்றன. "இன்னொரு தபா கேக்கச் சொல்லு," என்கிறார், அவள் முகத்தைப் பார்க்காமல்.