இடப்பக்கம் அரசாங்கம்

தெருவின் இடப்பக்கம் மாநகராட்சிக்கு, வலப்பக்கம் காண்ட்ராக்டுக்கு என்று உத்தரவு வந்ததிலிருந்து மாசாணம் இடப்பக்கம் கூட்டினான். அவன் பெண்டாட்டி இசக்கியம்மாள் வலப்பக்கம் கூட்டினாள். நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. அரசாங்க ஆள் காண்ட்ராக்ட் வேலையைத் தொடக் கூடாது என்பது விதி. முதுகு இருவருக்கும் ஒரே மாதிரிதான் வலித்தது. மரங்கள் மட்டும் எல்லாம் அவள் பக்கமே நின்றன.

அன்று அவளுக்குக் காய்ச்சல். பாதித் தெருவிலேயே விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் ஜெபராஜ் கூட்டிய தெருவைப் போட்டோ எடுக்க வரும்போது சருகு கிடந்தால், நாளைக்கு அவள் இடத்தில் வேறு ஆள் நிற்கும்.

"நீ இரி, நான் கூட்டுதேன்," என்றான் மாசாணம்.

"கோட்டத் தாண்டி வந்துராதிய. இருக்க வேலையும் போயிரும். வீட்டுக்கு ஒரு அரசாங்கமாவது வேணும்லா."

அவன் சிரிக்கவில்லை. கோட்டில் நின்றபடி விளக்குமாற்றை நீட்டிப் பார்த்தான். எட்டவில்லை. பிறகு காக்கிச் சட்டையைக் கழற்றித் தன் தள்ளுவண்டிக் கைப்பிடியில் மாட்டி, பொத்தான்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டான். பனியனோடு கோட்டைத் தாண்டிப் போய்க் குனிந்து கூட்டத் தொடங்கினான்.

ஜெபராஜின் பைக் வந்து கோட்டின் மேலேயே நின்றது.

"எண்ணே, நீங்க இப்ப யாரு ஆளு?"

மாசாணம் நிமிரவில்லை. "அரசாங்க ஆளு அங்க நிக்கான் தம்பி. நான் இவ புருசன்."

ஜெபராஜ் போனை உயர்த்தினான். எதிர்ப்பக்கம் காற்றில் சட்டை உப்பி, ஒரு கை மட்டும் மெல்ல எழுந்தது.